உப்புக் காற்றுக்குப் பாலிசி

கேமரா இன்சூரன்ஸ் விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வியில் காஜா நவாஸ் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருந்தான். 'கருவி பெரும்பாலும் எங்கே பயன்படுத்தப்படும்?' என்பது கேள்வி. பதில் எளிது: கடற்கரையில். ஆனால் அப்படி எழுதினால் முதல் திட்டம் கைவிட்டுப் போகும். எழுதாவிட்டால் பொய்.

"வீட்டுக்குள்ளன்னு போட்ருங்க பாய்," என்றார் ஏஜென்ட் நாகேந்திரன். "கல்யாண மண்டபமும் ஒரு வீடுதான."

நாகேந்திரனிடம் கேமராவுக்கென்று மூன்று திட்டங்கள் இருந்தன. முதலாவது தீக்கும் திருட்டுக்கும் பொறுப்பு. ஆனால் கேமரா கடையை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டாவதில் வெளியே போகலாம். உப்புத் தண்ணீர், மணல், ஈரக் காற்று ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. கீழக்கரையில் இந்த மூன்றையும் கழித்துவிட்டால் கேமராவுக்கு வேறென்ன ஆபத்து மிச்சம் என்று நவாஸ் கேட்டான். நாகேந்திரன் கொஞ்சம் யோசித்து, இடி விழலாம் என்றார். மூன்றாவது திட்டம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. நிபந்தனைகள் மட்டும் நாலு பக்கம்.

அவனுக்கு இந்தப் பயம் வந்தது வீரமணியால். பாம்பனில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். படகில் நின்று ஒரு மாப்பிள்ளையைப் படம் எடுக்கும்போது கேமராவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டான். காப்பீடு கிடையாது. இப்போது பரமக்குடியில் கோழித் தீவனம் விற்கிறான். நவாஸ் பார்க்கப் போனபோது மூட்டையைத் தோளில் ஏற்றியபடியே சொன்னான்: "கண்ண மூடிட்டேன், இன்னொரு தடவ எடுங்கன்னு கோழி கேக்காது பாய்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதைத்தான் நவாஸால் தாங்க முடியவில்லை.

நவாஸிடம் இருந்ததும் ஒரே கேமரா. மச்சினன் ஆதில் கத்தாரிலிருந்து கொண்டுவந்தது. வரும் ஞாயிறு வாவு முகம்மது வீட்டுக் கல்யாணம். மூன்று நாள் வேலை. அது நல்லபடியாக முடிந்தால் அந்தத் தெருவின் கல்யாணங்கள் எல்லாம் தேடி வரும். அதற்குள் கேமராவுக்கு ஏதாவது ஆனால் கோழித் தீவனம்தான்.

கல்யாணங்களில் நவாஸின் வேலை நடக்கும் விதம் இது. நிக்காஹ் நடக்கும் ஆண்கள் பக்கத்தில் நவாஸ் அரை மணி நேரம் எடுப்பான். வரிசையாகத் தொப்பிகள், ஒரு கையெழுத்து, மறுபடியும் தொப்பிகள். பிறகு கேமரா திரைக்கு அந்தப் பக்கம் போய்விடும். பெண்கள் பக்கம் ஆண் நுழைய முடியாது என்பதால் மீதி எல்லாவற்றையும் மனைவி ஜுமானா எடுப்பாள். கல்யாணம் முடிந்து தனுஷ்கோடியில் மணமக்களை எடுக்கும்போதும், அவளே எடுக்கட்டும் என்று பெண் வீட்டார் சொல்லிவிடுவார்கள். அங்கே நவாஸுக்கு ரிஃப்ளெக்டர் பிடிக்கும் வேலை. வெயிலை மணப்பெண் முகத்தில் திருப்பிவிடும் பெரிய வெள்ளித் தட்டு அது. அந்தக் காற்றில் அதைப் பிடிக்க ஆம்பளைக் கை வேண்டும் என்பது அவன் எண்ணம்.

ஆகவே 'கருவியை இயக்குபவர்' என்ற இடத்தில் யோசிக்காமல் தன் பெயரை எழுதினான். கடைப் பலகையில் இருப்பது அவன் பெயர். கேமராவின் அடியிலும் 'காஜா ஸ்டுடியோ' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான்.

"மச்சான், அந்த இன்சூரன்ஸ் விஷயமா ஒன்னு சொல்லணும்," என்றாள் ஜுமானா.

"மூணாவதுன்னு முடிவு பண்ணியாச்சு. நீ குறுக்க விழுந்து கொழப்பாத."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும் வேலையைத் தொடர்ந்தாள்.

முதல் நிபந்தனை, வேலை இல்லாத நேரத்தில் கேமராவைக் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் இழுக்கும் பொருளோடு வைக்க வேண்டும் என்பது. தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். அடுப்படியில் இறுக்கமான மூடியோடு அரிசி டிரம் இருந்தது. நவாஸ் கேமராவை அதற்குள் கழுத்து வரை புதைத்தான்.

மறுநாள் எடுத்துப் பார்த்தபோது லென்ஸைத் திருப்பினால் அம்மி அரைப்பதுபோல் கரகரத்தது. கண்ணை வைத்துப் பார்த்தான். உலகத்தின் குறுக்கே ஒரு வண்டு நடந்து போனது.

ஜுமானா அன்று பகல் முழுவதும் தூரிகையும் ஊதுபந்துமாக உட்கார்ந்து அரிசி மாவை வெளியேற்றினாள். வண்டு மட்டும் வர மறுத்தது. "இப்பவாச்சும் நான் சொல்றதக் கேளுங்க மச்சான்," என்றாள். பாலிசி கையில் வரட்டும், உட்கார்ந்து கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான்.

அடுத்து நாகேந்திரன் கேமராவின் பில்லைக் கேட்டார். பில் ஜுமானாவிடம்தான் இருக்கும். ஆனால் கேட்டால், ஆதில் ஓவர்டைம் பார்த்துத் தன் ராத்தா ஜுமானாவுக்காகக் கேமரா வாங்கிவந்த கதையை முதலிலிருந்து கேட்க வேண்டிவரும். தொலைந்துவிட்டது என்று நவாஸ் சொல்லிவிட்டான். அப்படியானால் கேமராவை நாலு பக்கமும் படம் எடுத்துத் தர வேண்டும் என்றார் நாகேந்திரன். அதில் ஒன்று வேலை நடக்கும் இடத்தில் எடுத்ததாக இருக்கட்டும், பின்னால் கடல் தெரியட்டும் என்றார்.

புதன்கிழமை மத்தியானம் நவாஸ் தனியாக, தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்குப் போனான். ஸ்டாண்டில் கேமராவை ஏற்றி, கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று நனைந்த மணலில் நிறுத்தினான். போனில் பார்த்தால் கேமரா கறுப்பாகத் தெரிந்தது, பின்னால் வெயில். இருபது கல்யாணத்தில் பழகிய கை சும்மா இருக்குமா? ரிஃப்ளெக்டரைப் பிரித்து இடது கையில் பிடித்து, கேமராவின் முகத்தில் வெளிச்சம் அடித்தான். அழகாக விழுந்தது. மணப்பெண்ணுக்குக்கூட இவ்வளவு அழகாக விழுந்ததில்லை.

வலது கை போனைப் பிடித்திருந்தது. பட்டனை அழுத்த விரல் எட்டவில்லை. ஒரே ஒரு நொடி இடது கையை உதவிக்கு எடுத்தான்.

ரிஃப்ளெக்டர் காற்றில் எழும்பி, நேராகப் போய், கேமராவைக் கழுத்தில் அறைந்தது. இரண்டும் ஒன்றாகக் கடலுக்குள் போயின. ஓடிப்போய் எடுத்தபோது கேமராவின் எல்லா ஓட்டையிலிருந்தும் தண்ணீர் வந்தது. கடைசியாக அந்த வண்டும் வெளியே வந்தது.

முனையில் நிற்கும் தூண் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை, பசிகூட எடுத்தது, அது இன்னும் கேவலமாக இருந்தது. ஒரு புதுமண ஜோடி வந்து, கழுத்தில் கேமரா தொங்குவதைப் பார்த்துவிட்டு, தங்கள் போனில் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்தான். பாதிப் படத்தில் அவன் கட்டைவிரல் இருந்தது. அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து ஜுமானாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னான். மறைக்கவும் தெம்பில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ கேமராவைத் துண்டில் பொதிந்து வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள்.

"எத்தன மணி இருக்கும்?"

"ரெண்டரை."

"தட்டு தானாப் பறந்துச்சா, நீங்க விட்டீங்களா?"

"நான்தான் விட்டேன். இப்ப அது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

அவள் உள்ளே போய்விட்டாள். மனம் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மதுரையில் அவளுக்குப் பெரியம்மா இருந்தார். போகிறவளை எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்துவது?

மிச்சம் இருந்தது ஒரே வழி. அது நேர்மையான வழி இல்லை என்று அவனுக்கும் தெரியும். இன்று பாலிசி போடுவது, நாளைக்குக் கேமரா கடலில் விழுந்ததாகச் சொல்வது. நாகேந்திரனுக்குத் தெரிந்தால் காரியம் கெடும் என்று, படிவத்தையும் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கம்பெனியின் ராமநாதபுரம் ஆபீசுக்கே போனான்.

கவுண்டரில் கவிப்ரியா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் இருந்தாள். கேமரா நல்ல நிலையில் இருக்கிறதா என்று கேட்டாள். நேற்றுத்தான் கழுவினேன் என்று வாயில் வந்துவிட்டது. துடைத்தேன் என்று திருத்தினான். பையிலிருந்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் மேசையில் விழுந்தது. அவள் அதைக் காகிதத்தால் ஒற்றிவிட்டு, சீரியல் நம்பர் எழுதவில்லையே என்றாள்.

நம்பர் கேமராவின் அடியில் இருந்தது, ஸ்டிக்கருக்குக் கீழே. நவாஸ் 'காஜா ஸ்டுடியோ'வை நகத்தால் சுரண்டி எடுத்தான். ஈரத்தில் ஊறியிருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. அவள் நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, இந்தக் கேமரா உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அவன் சுரண்டிய ஸ்டிக்கரை விரல்களுக்கு நடுவே உருட்டினான்.

"இதுக்கு மூணு வருஷமா இங்கன பாலிசி ஓடுதுண்ணே. ஜுமானான்னு கீழக்கரைக்காரவுக, தொழில் போட்டோகிராபர். உப்புத் தண்ணி வரைக்கும் எல்லாத்துக்கும் சேத்துப் போட்ருக்காக. கல்யாணத்துக்கு வாடகைக் கேமரா எடுக்க மதுரை போறேன், பில்லு அனுப்புறேன்னு காலைல போன்கூடப் பண்ணாக."

நவாஸ் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கவிப்ரியா திரையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் படித்தாள்.

"நேத்து சாயங்காலமே கிளெய்மும் போட்டுட்டாகண்ணே, லைட் பிடிக்கிற ஆளு தட்டக் கைவிட்டதால சேதம்னு எழுதியிருக்கு, அந்த ஆளோட கையெழுத்து மட்டுந்தான் பாக்கி, உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"