நாற்பது விநாடிச் சிமிட்டல்

மேனேஜர் சுவிட்சைப் போட்டுவிட்டு இருட்டில் நின்றார். பதிவறையின் டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்தது, சிமிட்டியது, அணைந்தது, யோசித்துவிட்டு மறுபடி சிமிட்டியது. சோக் உறுமி முடித்து வெளிச்சம் என்று ஒன்று வந்து சேர நாற்பது விநாடி ஆயிற்று. அதற்குள் பொறுமை இழந்து ஓரடி எடுத்து வைத்தவர், ஒரு காகிதக் கட்டின்மேல் இடித்துக்கொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பழைய சோக் நல்லதா, எலக்ட்ரானிக் சோக் நல்லதான்னு நாளைக்குள்ள எனக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். தலைமை எழுத்தர் ஃபைல்லயும் இந்த மாசம்தான் கையெழுத்துப் போடறேன்."

பதிவறை எழுத்தருக்கு இரண்டாவது வாக்கியம்தான் காதில் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியை எட்ட நின்று பார்த்தே ஏங்கிப்போனவர். அடுத்த வருடம் ஓய்வு. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

எலக்ட்ரீஷியனைப் பிடித்து விசாரித்தார்.

"பழசு இரும்பும் செம்புக் கம்பியும் சார். கனக்கும், சுடும், உறுமும், கரண்டை விழுங்கும். ஸ்டார்ட்டர் இல்லாம எரியாது. ஆனா வோல்டேஜ் எகிறினாலும் தாங்கும். புதுசு தட்டினதும் எரியும், சத்தமே வராது, கரண்டும் கம்மி. என்ன, பெருசா ஒரு இடி இடிச்சா போயிடும்."

இடியை மட்டும் விட்டுவிட்டு எழுத்தர் மிச்சத்தையெல்லாம் ஒன்பது பக்கத்துக்கு இழுத்து எழுதினார். மேனேஜர் ஆகா ஓகோ என்றார். ஒரே வாரத்தில் சோக்குகளை மாற்ற உத்தரவு போட்டார். மின்சாரச் சிக்கனத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் தன் அறை விளக்கை அணைத்துவிட்டு மூன்று மணி வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். யாராவது உள்ளே போவதென்றால் வாசலில் இருக்கும் சுவிட்சைப் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். இந்தத் தியாகத்தை எழுத்தர் தன் மனைவியிடம்கூடச் சொல்லி உருகியிருக்கிறார்.

புது விளக்கு வந்த இரண்டாம் நாள் வினை ஆரம்பித்தது.

கணக்கர் தினமும் சாப்பிட்டதும் பதிவறையின் கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு ஃபைல் கட்டைத் தலைக்கு வைத்துப் படுப்பது வழக்கம். யாராவது சுவிட்சைப் போட்டால் முதல் சிமிட்டலில் எழுந்துவிடுவார். அடுத்த சிமிட்டலில் கட்டைப் பிரிப்பார். வெளிச்சம் வரும்போது மூக்குக்கண்ணாடியோடு பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார். இது எழுத்தருக்கும் தெரியும். ஒன்பது பக்கம் எழுதிய வேகத்தில் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அன்று மேனேஜர் சுவிட்சைத் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் வெளிச்சம் வந்தது. கணக்கர் வாயைத் திறந்தபடி கிடந்தார். மாலைக்குள் மெமோவும் வந்தது.

எழுத்தரின் பணிமூப்புப் பட்டியல் கணக்கர் கையில் இருந்ததுதான் சங்கடம்.

"உங்க சர்வீஸ்ல மூணு வருஷம் இடிக்குதே," என்றார் கணக்கர் கொட்டாவிக்கு நடுவில். "தூக்கம் இல்லாம பார்த்தா எனக்கு எதுவும் சரியாத் தெரியமாட்டேங்குது."

எழுத்தர் காலில் விழாத குறை. கணக்கர் நிம்மதியாகப் படுக்கலாம் என்றும், தானே கதவோரம் நாற்காலி போட்டுக் காவல் இருப்பதாகவும், காலடிச் சத்தம் கேட்டால் எழுப்பிவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார். இரண்டே நாளில் காணாமல்போன மூன்று வருடமும் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் மதியம். இருட்டு, வயிறு நிறையச் சாப்பாடு, வராந்தா விளக்குகளில்கூட உறுமல் இல்லாத அமைதி. அந்த அமைதியைப் பற்றி மட்டும் எழுத்தர் ரிப்போர்ட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். காவல்காரரின் தலை மெல்லத் தொங்கியது. இரண்டரை மணிக்குத் தானாக விழித்த கணக்கர் அவரைப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷன், தூங்கட்டும் என்று பூனைநடை போட்டு வெளியேறிவிட்டார்.

மூன்றேகாலுக்குத் தலைமை அலுவலக டைரக்டரை அழைத்துக்கொண்டு மேனேஜர் வந்தார்.

"ஒரு நொடிகூட ஆகாது சார், பாருங்க."

ஆகவில்லை. நாற்காலியில் எழுத்தர் சட்டையெல்லாம் எச்சில் வழியக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இவர்தான் சார் அந்த ரிப்போர்ட்டை எழுதினவர்," என்றார் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"செஞ்சும் காட்டிட்டாரே," என்றார் டைரக்டர்.

தலைமை எழுத்தர் நாற்காலி மறுநாள் தட்டச்சருக்குப் போனது. எழுத்தருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடத்தையும் ஒரு சுவிட்ச் தின்றுவிட்டது. ஏணியோடு போன எலக்ட்ரீஷியனை வழிமறித்து, பதிவறையின் பழைய சோக்கை எப்படியாவது திருப்பி மாட்டிவிடும்படி கெஞ்சினார். இனி மிச்சமிருக்கும் ஒரு வருடத்தையாவது மானத்தோடு தூங்கிக் கழிக்கவேண்டுமே.

எலக்ட்ரீஷியன் ஏணியைச் சுவரில் சாய்த்தான்.

"அது கிடைக்காது சார். மாத்தின அன்னிக்கே மேனேஜர் கூப்பிட்டு, இந்த ஆபீஸ்லயே ரொம்ப நேரம் சிமிட்டற செட் பதிவறையோடதுதானேன்னு கேட்டு, அதை அவர் ரூம்ல மாட்டச் சொல்லிட்டார்."