ஐந்தாம் மாடியின் வெயில்

ஏதென்ஸ், கிப்செலி
ஜனவரி 2013

பெருமதிப்புக்குரிய ஸ்ட்ராடிஸ் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் எவான்தியா வணக்கத்துடன் எழுதுவது. பிராங்க்பர்ட்டில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரல்கள் விறைத்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் நம் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரைப் பற்றியது. எல்லா மாடிக்கும் அது ஒன்றுதான், அதை எரிய விடுவதா அணைப்பதா என்று முடிவு செய்யும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றுதான். அது பூட்டிக் கிடக்கும் உங்கள் ஐந்தாம் மாடி வீட்டுச் சுவரில் இருக்கிறது. உங்கள் கூடத்துக் கண்ணாடி வழியே பகலெல்லாம் வெயில் விழுவதால் கட்டடம் முழுக்கக் கதகதப்பு என்று நம்பி அது பாய்லரை அணைத்துவிடுகிறது, ராத்திரியில் எரிக்கக் கூடாது என்பது கட்டட விதி, ஆகவே தரைத்தளத்தில் அப்பா மேல்கோட்டோடு தூங்குகிறார், இன்னொரு நிமோனியா வந்தால் அவர் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் போனில் நீங்கள், "ஜன்னலை இறுக்கிச் சாத்துங்க, கம்பளி போட்டுக்கோங்க, வீட்டுக்கு ஒரு தெர்மோஸ்டாட்டா வைக்க முடியும்?" என்றீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் மத்திய வங்கி எப்படி நடக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. பதினேழு நாட்டுக்கும் யூரோ என்று நாணயம் ஒன்று, வட்டியும் ஒன்று, அதை வைப்பது ஒரே இடம்; வரவுசெலவு மட்டும் அவரவர் பாடு. அப்பாவிடம் சொன்னேன். "ஆமா, சூடு மச்சான் கையில, ஜன்னல் மட்டும் நம்ம கையில. நம்ம பழைய காசு டிராக்மா இருந்தப்போ அதோட மதிப்பை இறக்கிப் பொழைச்சோம். இப்ப அதை இறக்க முடியாதுன்னு என் பென்ஷனை இறக்கிட்டாங்க" என்று சொல்லி இருமினார்.

பிறகு கட்டட நிர்வாகி காலிரோயி அம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தார். மொட்டைமாடியிலிருந்து தன் கம்பளத்தை உங்கள் கண்ணாடி மறையும்படி தொங்கவிட்டார். வெயில் போயிற்று, உங்கள் வீடு குளிர்ந்தது, பாய்லர் எரிந்தது, எரிந்தது, நிறுத்த ஆளில்லாமல் எரிந்தது. மூன்றாம் மாடிக்காரர் பனியனோடு பால்கனியில் வந்து நின்றார்.

"கம்பளத்தை எடும்மா, வெந்து சாகறேன்."

"நீயே ஏறி எடு. வேர்க்கிறது உனக்குத்தானே?"

இருவரும் சமாதானமாவதற்குள் மார்ச் வரை வரவேண்டிய பாய்லர் எண்ணெயில் பாதி தீர்ந்துவிட்டது.

ஆகவே மாமா, தயவுசெய்து உங்கள் வீட்டுச் சாவியை அனுப்புங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி இரண்டாம் மாடியில் மாட்டிவிடுகிறோம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீடு என்றும் குளிராதிருக்கக் கடவுள் அருளட்டும்.

பணிவன்புடன்,
எவான்தியா

பி.கு.: சாவி வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அப்பா சுத்தியலோடு மேலே போய் உங்கள் பூட்டை உடைத்துவிட்டார். உங்கள் சோபாவில் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், இருமல்கூட நின்றுவிட்டது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றப் போன காலிரோயி அம்மாளை உள்ளே விடவில்லை. "இங்க நல்லாத்தானே இருக்கு, எண்ணெயை எதுக்குப் பாழாக்கறீங்க?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாராம். தெர்மோஸ்டாட் முள்ளையும் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டார். கீழே குளிரில் இப்போது நான் மட்டும்தான்.