குறை சொல்ல ஒரு ஆள்

காரைக்காலில் பெண் தேடி அலைந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளை தேடி அலைந்தவர்கள் உண்டு. வேலை தேடி பிரான்சு வரைக்கும் போய்த் திரும்பாதவர்களும் உண்டு. ஆனால், ஊரே கையெடுத்துக் கும்பிடும் நல்ல மனிதர்களைப் பற்றிக் கெட்டதாக நாலு வார்த்தை பேச ஆள் தேடி, லொடலொடத்த மொபெட்டில் பத்து வருஷம் அலைந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆவணம்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். கோட்டுச்சேரியில் ஒரு மாடி அறையில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தினார். கல்யாண வீடியோ எடுத்த கேமராதான் மூலதனம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ‘நம்மூர் நாயகர்’ என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் வாழ்க்கையைக் காட்டுவார். யாராவது அதை டாக்குமென்டரி என்றால் முகம் சுருங்கிவிடும். “ஆவணப்படம்னு சொல்லுங்க” என்பார். திருத்தித் திருத்தி, கடைசியில் அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு வரலாற்றுச் சேனல்கள் தமிழில் பேச ஆரம்பித்திருந்தன. ஆவணம் அவற்றை நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்து பார்ப்பார். ராஜாவோ விஞ்ஞானியோ, யார் கதையாக இருந்தாலும் நடுவில் ஒரு கண்ணாடிக்காரர் புத்தக அலமாரி முன்னால் உட்கார்ந்துகொண்டு, “அவரிடம் குறைகளும் இருந்தன” என்று சொல்வார். ஆவணம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அலமாரியும் குறையும் இல்லாவிட்டால் அது ஆவணப்படமே இல்லை.

அலமாரிக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. ஃப்ளெக்ஸ் கடையில் ஆறடிக்கு எட்டடி புத்தக அலமாரி ஒன்றை அச்சடித்து, இரண்டு மூங்கிலில் கட்டி, சுருட்டி மொபெட்டில் குறுக்கே வைத்துக்கொண்டு போவார். மண்டபத்தூர் கடற்கரையில் ஒரு மீனவர் தோளில் வலையோடு அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்து புயலைப் பற்றிப் பேசியதை நானே டிவியில் பார்த்திருக்கிறேன். காற்றடிக்கும்போதெல்லாம் புத்தகங்கள் விலகிப் படகு தெரியும்.

குறைக்குத்தான் நாய்படாத பாடு பட்டார். அந்த மண்டபத்தூர்க்காரர் புயலில் கவிழ்ந்த படகுகளிலிருந்து பல பேரைக் காப்பாற்றியவர். அவரைக் குறை சொல்ல ஊரில் ஒரு வாய் கிடைக்கவில்லை. கடைசியில் அவர் மனைவியே வந்து உட்கார்ந்தார். “ஊரையே கரை சேத்தாருங்க, இல்லேங்கல. என்னய ஒரு தடவ திருநள்ளாறு கூட்டிட்டுப் போயிருப்பாரா? இங்கேருந்து எம்புட்டுத் தூரம்?” அடுத்த சனிக்கிழமை கணவனும் மனைவியும் திருநள்ளாற்றில் வரிசையில் நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த ஒரு டாக்டருக்கு, நோயாளி ஒருவர் கிடைத்தார். “வலிக்காதும்பாருங்க. வலிக்கும்.” அவர் பேசியது அவ்வளவுதான். மறுநாளிலிருந்து டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு “நல்லா வலிக்கும்” என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதி ஊருக்கு அன்றே காய்ச்சல் விட்டுவிட்டது.

இப்படிப்பட்டவரின் கண்ணில் என் அப்பா விழுந்தார்.

அப்பா விழிதியூரில் விவசாயி. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் யார் வயலுக்கு எந்த நேரம் என்று முறை வைத்துப் பிரித்துவிடுவது அவர்தான். எங்களுடையது கடைமடை. தண்ணீர் வந்து சேர்வதே பெரும்பாடு. அந்தத் தண்ணீரைச் சண்டையில்லாமல் இருபது வருஷம் பங்கு வைத்தவரை ஊர் ‘நியாயஸ்தர்’ என்று கூப்பிட்டதில் ஆச்சரியமில்லை. அவரைப் படமெடுக்கப் போகிறேன் என்று ஆவணம் வந்து சொன்னதும், எழுபத்து மூன்று வயதில் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. வேட்டி சட்டை இஸ்திரிக்குப் போனது. கறுப்புக் கண்ணாடியோடு டிவியில் வரக்கூடாது என்று கண் ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்.

ஆவணம் இரண்டு வாரம் ஊரைச் சுற்றினார். குறை கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டார். “குறையா? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்த அம்மா, கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் “தங்கமான மனுசருங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். டீக்கடைக்காரர், “சர்க்கரை தூக்கலா கேப்பாருங்க” என்றார். அதை ஆவணம் குறையாக ஏற்கவில்லை.

“மன்னிச்சுக்குங்க ஐயா. உங்கள எடுக்க முடியாது” என்று அப்பாவிடம் வந்து நின்றார்.

“ஏம்ப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலைங்க. அதான் சிக்கல். குறையே இல்லாத மனுசனக் காட்டுனா பாக்குறவங்க நம்ப மாட்டாங்க.”

அடுத்த நாலு நாளும் என் அப்பா, தன்னைக் குறை சொல்லும்படி கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஊர் பயந்துவிட்டது. “ஐயாவுக்கு உடம்புக்கு ஏதாச்சும்…” என்று அம்மாவிடம் வந்து மெதுவாக விசாரித்தார்கள். ஐந்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், “ஒருத்தன் இருக்கான்” என்றார். அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். யாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த தெருவில் இருக்கும் என் சித்தப்பா. பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

“என்னயப் பத்திக் குறை சொல்ல ஆள் வேணுமாம். நீ வந்து சொல்லுறியா?”

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு இது. சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “எவ்வளவு நேரம் சொல்லலாம்?” என்று கேட்டார்.

வாய்க்கால் கரையில் படப்பிடிப்பு. குறை சொல்லும்போது நாயகர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்பது ஆவணத்தின் சட்டம். ஆனால் அன்றைக்குக் காற்று பலம். அலமாரியை நிறுத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒரு மூங்கிலை நான் பிடித்தேன். மற்றதை, யாரும் கூப்பிடாமலே, அப்பா பின்பக்கமாக வந்து பிடித்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு அது தெரியாது.

“ஊருக்கெல்லாம் நியாயஸ்தருதாங்க” என்று ஆரம்பித்தார் சித்தப்பா. “தம்பிக்குச் சலுகை காட்டுறாருன்னு ஒரு பய சொல்லிடக் கூடாதுன்னு எனக்கு எப்பவும் கடைசி முறை. ஒரு வருஷம் என் முறை வர்றதுக்குள்ள தண்ணி நின்னு போச்சு. நாத்தங்கால் மொத்தமும் கருகிச்சு. வரப்புல நின்னு பாத்தாரு. எறங்கி வரல. ஒரு வார்த்தை கேக்கல. நான் மொத முறையா கேட்டேன்? நடுவுல ஒரு முறை குடுத்திருக்கலாம்ல?”

அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா மூங்கிலை விட்டுவிட்டார். அத்தனை புத்தகமும் சித்தப்பாவின் தலையில் வந்து விழுந்தது. ஃப்ளெக்ஸை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது எதிரில் அப்பா நின்றார்.

“எறங்கி வந்திருந்தா அழுதிருப்பேன்டா” என்றார் அப்பா. “நாலு பேரு பாத்துக்கிட்டு நின்னாங்க.”

“இப்ப மட்டும் என்னவாம்” என்று சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆவணம் கேமராவை அணைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியைச் சுருட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். வேறு யாரோ ஒரு நாயகர் வந்தார். நான் கோட்டுச்சேரிக்குப் போய் ஆவணத்தின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டேன்.

“குறை சொன்னவரே சமாதானம் ஆயிட்டாரு தம்பி. அப்புறம் அதுல ஏது குறை? போட முடியாது.”

கிறுக்கன் என்று முகத்துக்கு நேரே திட்டிவிட்டு வந்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அடுத்த சம்பாவில் அப்பா தம்பிக்கு நடு முறை கொடுத்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, “நியாயஸ்தரு தம்பி பக்கம் சாஞ்சிட்டாரு” என்று டீக்கடையில் ஒருவர் முணுமுணுத்தார். அவருடைய வயல் ஒரு முறை பின்னால் தள்ளிப்போயிருந்தது. செய்தி கோட்டுச்சேரிக்கு எப்படிப் போனதோ, மறுநாள் காலையில் எங்கள் வாசலில் மொபெட் நின்றது. ஆவணத்தின் முகத்தில் அப்படியொரு பூரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஐயா, ஒருத்தர் கிடைச்சிட்டாருங்க. சட்டையப் போடுங்க, எடுத்துரலாம்.”

எடுத்தார். கடைசிக் காட்சியில் அப்பா வரப்பில் நடந்து போக வேண்டும். தனியாகத்தான் போக வேண்டும், பின்னணியில் ஆவணத்தின் குரல் செந்தமிழில் முழங்கும். அப்பா நடந்தார். பக்கத்து வயலில் மம்பட்டியோடு நின்ற சித்தப்பா, கேமரா இருப்பது தெரியாதவர்போலக் கூடச் சேர்ந்துகொண்டார். ஆவணம் நிறுத்தச் சொல்லவில்லை. ஒளிபரப்பானபோது அந்த இடத்துக்கு அவர் குரலே கொடுக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஏதோ பேசிக்கொண்டே போகிறார்கள், வாய்க்கால் சத்தம் மட்டும் கேட்கிறது.

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்தச் சேனல் நின்றுபோனது. அப்பாவும் இப்போது இல்லை. படம் என் போனில் இருக்கிறது. அதன் கடைசி விநாடியில், கேமராவுக்கு மிகப் பக்கத்தில், யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். ஆவணம் அதை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. அப்பாவைப் பார்க்கத்தான் அந்தப் படத்தைப் போடுகிறேன், ஆனால் அந்தச் சத்தம் வரும்வரை அணைக்க எனக்கு மனசு வருவதில்லை.