உள்ளங்காலுக்கு ஒரு ஷேடு கார்டு

திருப்பூரில் அந்த வருடம் எல்லாருக்கும் கால் முளைத்தது. அதற்கு முன்னும் கால் இருந்ததுதான். நிற்க ஒன்று, மாற்றி நிற்க ஒன்று என்று ஆளுக்கு இரண்டு. ஆனால் உலகத்து நோய் முழுதும் அந்த இரண்டுக்குள்தான் குடியிருக்கிறது என்பது, பாதரத்னா டாக்டர் தரணீதரன் வந்து சொல்லும்வரை ஒருவருக்கும் தெரியாது.

பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரியின் மேல்மாடி. 'அகில உலகப் பாத மருத்துவத் தலைமைப் பயிற்சிக் கழகம்' என்று போர்டு. பெயரின் நீளத்துக்கு மாடி போதவில்லை. 'கழகம்' மட்டும் பக்கத்து செல்போன் கடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே தேங்காய் பன்னுக்கு ஒரு வரிசை, மேலே வைத்தியத்துக்கு ஒரு வரிசை. படிக்கட்டில் இரண்டும் கலந்து, பன் வாங்க வந்த சிலர் நோய் தீர்ந்து போனார்கள்.

வைத்தியம் சுலபம். ஒரு பிளாஸ்டிக் டப்பு. வெதுவெதுப்பாகத் தண்ணீர். அதில் ஒரு கை 'ஜீவசாரம்' என்ற வெள்ளைப் பொடி. ஒயர் வைத்த ஒரு தகட்டுக் கருவி. காலை உள்ளே வைத்து சுவிட்சைப் போட்டால் பத்தே நிமிடத்தில் தண்ணீர் மஞ்சளாகி, செம்பழுப்பாகி, மேலே கறுப்பு நுரை கட்டும்.

"பாத்துக்குங்க. இத்தன வருசம் நீங்க சொமந்த விசம்" என்பார் டாக்டர்.

பார்த்தார்கள். தன் அழுக்கைத் தானே கண்ணால் கண்டபின் எவன் மறுப்பான்?

இதுகூடப் பெரிதில்லை. வேறு ஊராக இருந்தால் டாக்டர் ஒரு சாமி படத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்திருப்பார். இது திருப்பூர் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஷேடு கார்டு அடித்திருந்தார். வெளிநாட்டுக்காரன் பனியனுக்கு நிறம் சொல்வது ஷேடு கார்டு நம்பரை வைத்து. ஒரு இழை மாறினால் மொத்த சரக்கும் திரும்பி வரும். அந்த அட்டைக்கு இந்த ஊரே நடுங்கும். டாக்டரின் அட்டையிலும் நம்பர் இருந்தது. மஞ்சள் நாலாம் நம்பர், மூட்டு. செம்பழுப்பு ஒன்பது, சிறுநீரகம். கரும்பச்சை பதினொன்று, கல்லீரல். கறுப்பு நுரைக்கு நம்பர் இல்லை. அது சொந்தக்காரர்களின் கண்ணேறு. நம்பரைப் பார்த்த மாத்திரத்தில் ஊர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

மருதாளும் அப்படித்தான் நின்றாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, விட்டுப்போன ஒற்றைத் தையலைக் கண்டுபிடிக்கும் கண் அவளுக்கு. ஆனால் அங்கே அவள் பெயர் 'மூணாம் டேபிள்'. கழகத்தில் சேர்ந்த மூன்றாம் நாளே 'டாக்டர் மருதாள்' ஆகிவிட்டாள்.

படிப்பு மூன்று நாள். முதல் நாள் பாதத்தின் பெருமை. இரண்டாம் நாள் பரீட்சை; கேள்வித்தாளிலேயே விடையும் அச்சாகியிருந்தது. பார்த்து எழுதுவதும் ஒரு தலைமைப் பண்பு என்றார் டாக்டர். மூன்றாம் நாள் வெள்ளைக் கோட்டு போட்டு போட்டோ. பிறகு நாலு பேரைச் சேர்த்துவிட்டால் மண்டலத் தலைவி. மருதாள் பக்கத்து டேபிள் ஒச்சாயியையும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்துவிட்டாள். ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. "ஏக்கா, எங்க ஊருல டாக்டராக அஞ்சு வருசம் ஆகும்னாக, இங்கிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுட்டமே" என்று பூரித்துப் போனாள்.

மருதாளின் முதல் நோயாளி அவள் புருஷன் சென்னியப்பன். சாயப்பட்டறை வேலை. நாள் முழுக்க ஈரமான ரப்பர் பூட்ஸுக்குள் கால். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இடது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்திருந்தது. வலிக்கவில்லை என்பதால் அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கட்டுப்போட பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவரை மருதாள்தான் நிறுத்தினாள்.

"டாக்டரு ஊட்டுலயே இருக்கறப்ப எதுக்குங்க அங்க போயி வரிசையில நிக்கறீங்க?"

சென்னியப்பன் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்குள் நிமிர்ந்து நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார். இப்படி அவள் நிமிர்ந்து பார்த்து வெகுநாளாயிற்று. காலை டப்பில் வைத்தார்.

பதினாறு தடவை வைத்தார். தண்ணீரின் நிறம் வரவர வெளுத்தது. புண்ணின் நிறம் வரவரக் கறுத்தது. போனில் கேட்டதற்கு, "வேரோட எறங்குதும்மா, அதான் கறுக்குது" என்றார் டாக்டர். மருதாள் அட்டையைப் பார்த்தாள். நிறம் ஒன்பதிலிருந்து நாலுக்கு வந்திருந்தது. அட்டை பொய் சொல்லுமா?

தகடு தேய்ந்திருக்கும் என்று டாக்டர் ஒரு புதுத் தகடு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை மருதாள் அதை மாட்டி, பொடி போட்டு, சுவிட்சைத் தட்டிய நேரத்தில் போன் அடித்தது. டாக்டர்தான். அடுத்த ஞாயிறு பட்டமளிப்பு விழா; அவளை மாநிலத் தலைவி ஆக்கப்போகிறார். வாசலில் நின்று நாலு தடவை நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தால், டப்பில் தண்ணீர் செங்காவியாகி நுரைத்துக் கிடந்தது.

"ஏனுங்க, இன்னிக்கு நல்லா எறங்கியிருக்குதுங்க."

"என்ன எறங்குச்சு?"

"விசந்தானுங்க."

"நான் இன்னும் காலே வெக்கல மருதா."

இரண்டு காலும் கட்டிலின் மேல்தான் இருந்தன. மருதாள் காலைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். சென்னியப்பன் பொடி டப்பாவுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார். "பட்டறையில மூட்டை மூட்டையாக் கொட்டறமே, அதே உப்பு. பழைய தகட்டப் பாரு, பாதி அரிச்சுப்போச்சு. உப்புத்தண்ணியில இரும்பு கெடந்தா ரெண்டு நாளைல இந்தக் கலரு வரும். கரண்டு குடுத்தா பத்து நிமிசம்."

"இத ஏனுங்க முன்னயே சொல்லல?"

"அட்டையில நம்பர் போட்டிருந்துச்சல்லொ. நம்பரப் பாத்ததும் எனக்கும் புத்தி நின்னுபோச்சு. எங்க லேப்புல புதுச் சாயம் வந்தா மொதல்ல துணியே போடாம ஒருக்கா ஓட்டிப் பாப்பாங்க. எனக்கு அது தோணல பாரு."

மறுநாள் காலை பெரியாஸ்பத்திரியில், கால் பார்க்கும் பிரிவில், தேவிப்பிரியா என்ற நர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். கையில் ஒரு நைலான் நூல். அதன் நுனியால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினாள்.

"தொடறப்ப சொல்லுங்க."

சென்னியப்பன் பேசவில்லை. நூல் வளைவதை மருதாள் பார்த்தாள். ஐந்தாவது இடமும் ஆகிவிட்டது.

"ஆரம்பிச்சுட்டீங்களா கண்ணு?" என்றார் சென்னியப்பன்.

நூலோடு காலம் தள்ளியவள் மருதாள். கால் மரத்துப்போனதை ஒரு நூல் காட்டிக்கொடுக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"நீங்க இதுக்கு எத்தன நாளு படிச்சீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"நர்ஸுக்கு நாலு வருசங்க. கால் பாக்கறதுக்குன்னு தனியா இன்னும் ஒரு வருசம்."

"தலைவி ஆயிட்டீங்களா?"

தேவிப்பிரியா சிரித்தாள். "போன மாசந்தானுங்க உக்கார ஒரு சேர் குடுத்தாங்க."

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். விரலை எடுத்தாக வேண்டும். பதினைந்து நாள் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கும். கால் தங்குமா என்பது அடுத்த திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கும்போதுதான் தெரியும் என்றார். மருதாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் என்று முன்னால் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்து வழிந்தது. வெள்ளைக் கோட்டில் இருநூறு பாத மருத்துவர்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர், பனியன் கம்பெனி முதலாளி ஆறுச்சாமி. மேடையில் தரணீதரன் முழங்கிக்கொண்டிருந்தார். "தலைமை தலையில் இல்லை. பாதத்தில் இருக்கிறது. தலையை யாரும் பயன்படுத்த வேண்டாம்." சொன்னதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த கூட்டம் கைதட்டியது.

பெண்களுக்குத் திரை கட்டி வைத்தியம் செய்வது டாக்டரின் வழக்கம். முகம் பார்க்காமல், தண்ணீரின் நிறம் மட்டும் பார்த்து நோய் சொல்வார். அதுதான் அவருடைய பெரிய வித்தை. மாநிலத் தலைவியாகப் போகும் மருதாள் அன்று ஒரு நோயாளியைத் திரைக்குப் பின்னால் தயாராக வைத்திருந்தாள். "காதர்பேட்டைப் பக்கங்க. ரொம்பக் கூச்ச சுபாவம்" என்றாள். திரைக்குப் பக்கத்தில் ஒச்சாயி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் நிறம் மாறியதும் ஒச்சாயி டப்பைத் திரைக்கு வெளியே நகர்த்தினாள். தரணீதரன் டப்பை எட்டிப் பார்த்து, அட்டையை வைத்து, கண்ணை மூடினார்.

"ஒன்பதாம் நம்பர். சிறுநீரகம் பாதி போச்சு. வயசு நாப்பத்தஞ்சு. ராத்திரி தூக்கம் கெடையாது. மாமியா கொடுமை. வெளிய சொல்லாம நெஞ்சுக்குள்ளயே அழறாங்க."

முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றாள் மருதாள்.

"பாதம் பொய் சொல்லாதும்மா. இருவத்தோரு சிட்டிங் வேணும்."

மருதாள் திரையை இழுத்துவிட்டாள்.

நாற்காலியில் அமர்ந்திருந்தது காதர்பேட்டை அக்பர் பாய் கடையில் லெக்கின்ஸ் மாட்டி வைக்கும் பொம்மை. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் உண்டு. லெக்கின்ஸில் 'ஃப்ரீ சைஸ்' என்று சீட்டு தொங்கியது.

"ஷேர் ஆட்டோவுல மடியில வச்சுத் தூக்கியாந்தேன்" என்றாள் ஒச்சாயி. "நெஞ்சுக்குள்ள அழுவுதுன்னாரே, இதுக்கு நெஞ்சு எங்கிட்டு இருக்கு?"

ஆறுச்சாமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபம் சிரித்தது. ஆனால் தரணீதரன் லேசுப்பட்ட ஆளா?

"இதுல என்னங்க சிரிப்பு? பிளாஸ்டிக்கே ஒரு விசந்தானே. அதையும் எறக்கிக் காட்டியிருக்குது என்ற மெசினு."

பத்துப் பதினைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. மருதாள் பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். டப்பைக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, கருவியை மட்டும் போட்டு சுவிட்சைத் தட்டினாள். கால் இல்லை. பொம்மையும் இல்லை. மண்டபமே பத்து நிமிடம் ஒரு டப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மஞ்சள் வந்தது. செம்பழுப்பு வந்தது. நுரை வந்தது.

"இப்ப ஆருக்குங்க நோவு? டப்புக்கா?"

தரணீதரனுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்ததை யாரும் கேட்கவில்லை. காதில் வைத்தபடியே சமையற்கட்டு வழியாகப் போனார், போனவர் வரவில்லை. அவர் செருப்பு வாசலிலேயே கிடந்தது. பாதரத்னா வெறுங்காலோடு ஓடியிருந்தார்.

அப்போதும் ஒருவர் எழுந்தார். "அதெல்லாஞ் சரிங்க. ஆனா எனக்கு அதுல கால் வெச்சா வலி கொறையத்தானுங்க செஞ்சுது?"

"கொறையும்ங்க. வெந்நித் தண்ணியில கால வெச்சு உக்காந்தா ஆருக்கும் கொறையும். இருவத்திரண்டு வருசமா நம்மள ஆரும் பத்து நிமிசம் உக்கார வெச்சதில்ல. அவன் உக்கார வெச்சான். அதுலதான் நாம விழுந்துட்டோம்."

"அப்ப எங்க சர்ட்டிபிகேட்டு செல்லுமாங்க?" என்றது பின்வரிசை.

மருதாள் கோட்டைக் கழற்றி, பொம்மையின் இடுப்பில் போட்டாள்.

"இத்தன நாளு நான் வைத்தியம் பாத்ததுல என்ற ஊட்டுக்காரருக்கு ஒரு விரலு போச்சுங்க. கால் நிக்குமான்னு நாளைக்குத்தான் தெரியும். உங்க ஊட்டுல புண்ணு இருக்கறவங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வரிசை நீளந்தான். நில்லுங்க."

திங்கட்கிழமை கட்டைப் பிரித்தார்கள். கால் நின்றது, நாலு விரலோடு. தேவிப்பிரியா மறுபடி நூலை எடுத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று புதிதாக முப்பது பேர் நின்றார்கள்; பாதிப்பேர் கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள். அவர்களில் ஒருவன் ஒச்சாயியிடம் கிசுகிசுத்தான். மங்கலத்தில் ஒரு சாமியார் வந்திருக்கிறாராம், மூக்கைப் பிடித்தே எல்லாம் சொல்கிறாராம், போய்ப் பார்க்கலாமா?

மருதாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு பனியன் இந்த ஊர விட்டுப் போறதுக்குள்ள மூணு செக்கிங் வெக்கறோம் சாமி. மூக்கு, காலெல்லாம் அவங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு செக்கிங்காவது வெச்சுட்டுப் போ."