முகம் நன்றாக விழும் விளக்கு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு வெளிச்சத்துக்காக நடந்த மாபெரும் முயற்சி எது என்று யாராவது கேட்டால், என் மாப்பிள்ளை தலைவராக இருக்கும் முக்குளிப்போர் சங்கம் டார்ச் வாங்கிய வரலாற்றைத்தான் சொல்வேன். வாரம் முழுக்க நாற்காலியில் மூழ்கிக் கிடப்பவர்கள், விடுமுறையில் கடலில் மூழ்குவார்கள். இதற்குப் பெயர் 'பொழுதுபோக்கு'.

படகுத்துறை மாடியில் 'நீரடி ஒளித் தேர்வுக் குழு' கூடியது. என் மகளைக் கடலில் இறக்குகிற யாரையும் நான் நம்புவதில்லை. அதனால் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மேசைமேல் இரண்டு விளக்குகள். ஒன்றின் ஒளி ஈட்டிபோல் நேராகப் போகும். மற்றது பால் கொட்டியதுபோல் பரவும்.

"தண்ணிக்கடியில பேச முடியாது. லைட்டாலதான் பேசணும்" என்றாள் என் மகள். "வட்டம் போட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். பக்கவாட்டுல வேகமா ஆட்டினா ஆபத்து. ஒல்லி வெளிச்சமா இருந்தாத்தான் சைகை புரியும்."

குழு இதைக் 'கவனத்தில் எடுத்துக்கொண்டது'. அதாவது, செயலாளர் கொட்டாவி விட்டார்.

"அதுல வீடியோ எடுத்தா முகம் நல்லா விழுமா?" என்றார் குழுவில் இருந்த பல் டாக்டர்.

"பாதி மூக்குதான் விழும்" என்றாள் மகள்.

"அப்ப அகலமானதே போதும். உள்ள போயிட்டு வந்ததுக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?"

கைகள் உயர்ந்தன. 'ஏகமனதாக' என்று அறிவித்தார் மாப்பிள்ளை.

"உங்க பெண்டாட்டி கை தூக்கலையே மாப்பிள்ளை?"

"மாமா, நீங்க உறுப்பினர் இல்ல."

நியாயம்தானே.

அடுத்த விடுமுறையில் மூழ்கிப்போன படகு ஒன்றைப் பார்க்க இறங்கினார்கள். மகளுக்கு ஜோடி மாப்பிள்ளை. ஒருவரை ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. நான் மேலே படகில் இருந்தேன். மகள் மட்டும் தனியாக மேலே வந்தாள். உதடு நீலம். ஒரு காலில் துடுப்புச் செருப்பு இல்லை. கையில் கத்தி.

"வலைப்பா" என்றாள். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

பிறகு மாப்பிள்ளை கேமராவோடு வந்தார். "பிரமாதமா எடுத்திருக்கேன் மாமா!"

அன்று மாலையே மாடியில் படம் போட்டார்கள். பழைய வலையில் கால் சிக்கி, என் மகள் விளக்கைப் பக்கவாட்டில் ஆட்டுகிறாள். விடாமல் ஆட்டுகிறாள். திரை முழுக்க வெள்ளை வெளிச்சம் அலையடிக்கிறது. நடுவே மாப்பிள்ளையின் கை நுழைந்து, 'கொஞ்சம் இடது பக்கம் நகரு' என்று ஜாடை காட்டுகிறது.

"ஆகா, என்ன ஒளி நடனம்!" என்றார் பல் டாக்டர். எல்லோரும் கை தட்டினார்கள். என் மகள் தட்டவில்லை. கணுக்காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, விளக்கைப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை சொல்லணும்."

எழுந்தேன்.

"அருமையான விளக்கு மாப்பிள்ளை. என் மக உயிருக்குப் போராடுறது கண்ணிமை வரைக்கும் பளிச்சுனு தெரியுது. எதிர்ல நின்ன புருஷனுக்கு மட்டும்தான் தெரியல."