ராணி இருக்கக் குதிரை எடுத்தவன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதிகம் படித்ததால் வந்தது.

தலைமன்னாரில் படகு இயந்திரம் திருத்துவது என் தொழில். சதுரங்கப் புதிர் என் வியாதி. பலகையில் மூன்று நான்கு காய்தான் மிஞ்சியிருக்கும். வெல்ல ஒரே வழி. அதுவும் யாரும் நினைக்காத வழி. அப்படி நூற்றுக்கு மேல் எனக்கு மனப்பாடம். (கலியாண நாளைக் கேட்காதீர்கள்.)

நானாட்டானில் போட்டி. அணிக்கு மூன்று பேர். வெல்லும் அணியைக் கொழும்புக்குக் கூட்டிப்போவார்கள். சமன் வந்தால், போன வருடம் வென்ற நானாட்டான்காரருக்கே இடம். என் மனைவி ஜெசிந்தாவும் எங்கள் அணி. கொழும்பில் அவள் தங்கச்சிக்கு முதல் பிள்ளை பிறந்து மூன்று மாதம். இன்னும் பார்க்கவில்லை. நாலு குட்டிச் சட்டை தைத்துப் பையில் வைத்துவிட்டாள்.

அவள் வென்றாள். எங்கள் மூன்றாவது ஆள் தோற்றார். மிச்சம் நான்.

எதிரே நானாட்டான் அணியில் டிரக்டர் ஓட்டும் ஓர் அண்ணர். கடைசியில் அவரிடம் ராஜாவும் கோட்டையும். என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாய் இன்னும் ஓரடி வைத்தால் ராணியாகும். பிறகு மூன்றே நகர்வில் வெற்றி. தேத்தண்ணி கொண்டுவந்தவருக்கே அது விளங்கியது.

ஆனால் புதிரில் ராணி எடுப்பவன் மடையன். கடைசிக் கட்டம் தொட்ட சிப்பாய் விரும்பிய காயாகலாம்; நான் குதிரை எடுத்தேன். ராஜாவுக்குச் செக், கோட்டைக்கும் குறி. ராஜா விலகியது. கோட்டையை வெட்டினேன். கதிரையில் சாய்ந்து கால்மேல் கால் போட்டேன்.

அண்ணர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குச் சுகமில்லையோ?"

"ஏன் அண்ணை?"

"தனிக் குதிரையால ராஜாவை மடக்கேலாது. ஆட்டம் சமன்."

அது எனக்குத் தெரியும். பல வருடமாகத் தெரியும். அந்த ஒரு நிமிடம் மட்டும் தெரியவில்லை. கால்மேல் போட்ட காலை மெல்ல இறக்கினேன்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ராணி எடுத்திருக்கலாமெல்லே?"

"ஓம்."

"எடுத்தா வெற்றியெல்லே?"

"ஓம்."

"பிறகேன் குதிரை?"

"பார்க்க வடிவா இருந்தது."

வீடு திரும்பும் வழியில், உயிலங்குளம் தாண்டியதும் தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

சட்டைகள் தபாலில் போயின. நாங்கள் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு இரண்டு வயது. வாசலில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்து, தாய் பழக்கியதைத் தெளிவாகச் சொன்னாள்.

"பெரியப்பா, ராணியை எடுங்கோ."

இப்போது அவளுக்கு எட்டு வயது. எனக்கு வணக்கம் என்று இதுவரை சொன்னதில்லை. அதைத்தான் சொல்கிறாள்.