ஜெர்மன் நைனா வரைந்த என் முகம்

நான் பார்த்த மனிதர்களிலேயே தன்மேல் துளிகூடச் சந்தேகம் இல்லாத ஒரே ஆள் ஜெர்மன் நைனாதான். கோவளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தார். முருகன், மெக்கா, மாதா எல்லாப் படமும் அங்கே ஒரே சுவரில் தோளோடு தோள் தொங்கும்.

மகாபலிபுரம் வந்த வெள்ளைக்காரர் ஒருவர், புகழ்பெற்ற ஜெர்மன் ஓவியம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கண்ணாடி போடக் கொடுத்துவிட்டு, வாங்க வரவேயில்லை. பச்சை முகம், கோணல் மூக்கு, ஏறி இறங்கிய கண்களோடு ஒரு பெண். அன்றே நைனா ஆயில் பெயின்ட் வாங்கி, அதே பாணியில் ஊராரை வரைய ஆரம்பித்துவிட்டார்; பேரோடு ஜெர்மனும் ஒட்டிக்கொண்டது. இட்லிக் கடைக்காரர் பச்சையானார். பெண் வீட்டுக்கு அனுப்ப வரைந்த மாப்பிள்ளை படத்தால் சம்பந்தமே முறிந்தது.

"இன்னா நைனா, மூஞ்சி பச்சையா கீது?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"மூஞ்சியக் காட்ட போட்டோக்காரன் கீறான்பா. நான் மனசக் காட்டறேன்!"

கடைசியில் அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு படமாச்சும் எவன் வூட்டு ஹால்லயாவது தொங்கட்டும். இல்லாங்காட்டி பிரஷ்ஷ கடல்ல போட்டுட்டு கண்ணாடி வேலைய மட்டும் பாரு."

அவர் கடையில் அடிக்கடி உட்கார்ந்து பேசும் நான், அப்போதுதான் சிறுசேரி பக்கம் வீடு கட்டி முடித்தேன். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், எனக்குத் தெரியாமலே என் முகத்தைக் கதவகலத்துக்கு வரைந்து, தங்க நிற ஃப்ரேம் போட்டு அனுப்பியிருக்கிறார் நைனா. பிரித்துப் பார்த்தவர் மேஸ்திரி. பச்சை முகம், உருட்டு விழி. சந்தேகமே வேண்டாம், திருஷ்டிப் படம்தான் என்று மொட்டை மாடிச் சுவரில், பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டார். விடியற்காலைப் பூஜை அவசரத்தில் நாங்கள் யாரும் மேலே பார்க்கவில்லை.

மனைவியோடு வந்து இறங்கிய நைனா அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "ஹால்ல மாட்டினா சொந்தக்காரன்தான் பாப்பான். இங்க பஸ்ஸுல போறவன்லாம் பாக்கறான்!"

குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. கைதான் புது வேட்டியின் நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தது. அதை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார்.

"யோவ் மேஸ்திரி, ஏணியக் கொண்டா! எம் புருஷன் வரஞ்சது பூசணிக்கா பக்கத்துல தொங்கறதுக்கா?"

அவரே முன்னால் நின்று ஹாலில் ஆணி அடிக்க வைத்தார். படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. யார் இது என்று வருகிறவர்கள் கேட்டால், நான்தான் என்கிறேன். சவரம் செய்யும்போது பார்க்கிறேன், என் மூக்கு நிஜமாகவே கோணல்தான். பெற்றவர்களுக்கோ கட்டியவளுக்கோ அது தெரிந்ததில்லை. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை அவ்வளவு ஆசையாக உற்றுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.